மேகக் கோபுரங்களின் உட்புறம்



மேகங்களில் பல வகை உண்டு. பஞ்சுப் பொதிகளைப்போல மிதந்து செல்பவை சில. வெண்துகிலை விரித்தாற்போல வானை மூடுபவை சில. இறகின் இழைகளைப்போல மிக்க உயரத்தில் சிதறிக் கிடப்பவை சில. இவை எல்லாவற்றுள்ளும் உருவத்தாலும் செயலாலும் பெரியது, இடியும் மின்னலும் மழையும் தரும் கார்திரள் மேகமாகும். சித்திரை வைகாசிப் பிற்பகல்களிலும், ஐப்பசி கார்த்திகை மாதங்களிலும் அதனை நம் ஊர்களில் காணாதவர் இலர். ஆயினும் நாம் காண்பது பெரும்பாலும் அதன் அடியை மட்டுமே. இருண்டு தாழ்ந்து வரும் அந்த அடி, தரைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கும். அதன் உச்சியோ, வெப்பமண்டலத்தில், 16 அல்லது 17 கிலோமீட்டர் உயரம்வரை செல்லும். உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்டின் உயரம் 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எவரெஸ்டின்மேல் மற்றோர் எவரெஸ்டைத் தூக்கி வைத்தால் இம்மேகங்களின் உச்சியை ஒருவாறு எட்டலாம். பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்கள் பறக்கும் உயரம் 10 முதல் 12 கிலோமீட்டர். ஆகவே அவை இம்மேகங்களைத் தாண்டிப் பறக்க முயல்வதில்லை, விலகியே செல்கின்றன.

இவ்வாறு கடலையொட்டிய ஈரக்காற்றில் கால் ஊன்றி, வளிமண்டலத்தின் மேற்கூரைவரை இடையறாது எழுந்து நிற்கும் மேகத்தூணை வானிலை விஞ்ஞானிகள் 'வெப்பக் கோபுரம்' என்று அழைக்கின்றனர். அக்கோபுரங்களின் உட்புறத்தை மனிதன் எவ்வாறு கண்டான், அதற்குச் செயற்கைக்கோள்கள் எவ்வாறு துணை செய்தன, அந்த அறிவு கடற்கரையில் வாழ்வோர்க்கு எவ்வகையில் பயன்படும் என்பன பற்றி இன்று சிறிது காண்போம்.

மேகம் ஏன் மேலே ஏறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கடல்நீர் ஆவியாக மாறும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பம் அழிந்துபோவதில்லை. ஆவியினுள் மறைந்து நிற்கிறது. இதனையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஈரக்காற்று மேலே சென்று குளிரும்போது ஆவி மீண்டும் நீர்த்துளியாகிறது. அப்போது, முன்பு வாங்கிய 600 கலோரியையும் காற்றுக்குத் திருப்பித் தந்துவிடுகிறது. காற்று சூடேறுகிறது, சுற்றியுள்ள காற்றினும் இலேசாகிறது, மேலும் உயர்கிறது. இன்னும் மேலே துளிகள் உறைந்து பனிக்கட்டியாகும்போது, கிராமுக்கு 80 கலோரி வீதம் மற்றொரு தவணை வெப்பம் கிடைக்கிறது. விறகைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு மலையேறுபவனைப்போல, மேகம் தன் எரிபொருளைத் தன்னுள்ளேயே கொண்டு ஏறுகிறது.

இந்த எரிபொருள் எவ்வளவு பெரிது என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். பெய்த நீரின் எடை 10,000 டன். நல்ல நிலக்கரி ஒரு கிராம் எரிந்தால் ஏறத்தாழ 7,000 கலோரி வெப்பம் தரும். அந்த விகிதத்தில் கணக்கிட்டால், நாம் சாதாரணமாகக் கருதும் அந்த ஒரு சென்டிமீட்டர் மழை உருவாகும்போது வானில் வெளிப்படும் வெப்பம், 850 டன் நிலக்கரியை எரித்தால் வரும் வெப்பத்திற்குச் சமமாகும். பல நூறு சதுர கிலோமீட்டரில் பல சென்டிமீட்டர் மழை பொழியும் ஒரு புயலில் எத்துணை வெப்பம் வெளிப்படும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு புதிருக்கு வருவோம். பூமத்திய ரேகையை அடுத்த பகுதிகள் கதிரவனிடமிருந்து பெறும் வெப்பம், அவை வான்வெளிக்கு இழக்கும் வெப்பத்தினும் அதிகம். துருவப் பகுதிகளிலோ வரவினும் செலவு அதிகம். நடுப்பகுதியின் மிகுதி, காற்றாலும் கடலோட்டத்தாலும், துருவங்களை நோக்கிச் செல்வதனால்தான் உலகம் வாழத்தக்கதாக இருக்கிறது. காற்றின் வழியாகச் செல்லும் பங்கு பெரும்பாலும் வளிமண்டலத்தின் மேற்பகுதி வழியே செல்கிறது. ஆகவே கடற்பரப்பிலுள்ள வெப்பம் முதலில் மேலே ஏறியாக வேண்டும். ஏறுவதில்தான் சிக்கல் இருந்தது. வெப்பமண்டல வானில் அடிப்பகுதிக் காற்றில் ஆற்றல் மிகுதி. உச்சிப் பகுதியிலும் மிகுதி. இரண்டுக்கும் நடுவே, 5 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, ஆற்றல் குறைந்த வறண்ட காற்று இருக்கிறது. காற்று எங்கும் பரவலாக மெல்ல மெல்ல ஏறுமானால், நடுவிலுள்ள வறண்ட காற்றோடு கலந்து தன் வளத்தை அங்கேயே இழந்துவிடும். அப்படியிருக்க, மேற்பகுதிக்கு அந்த வளம் எவ்வாறு போய்ச் சேர்ந்தது?

இவ்வினாவுக்கு 1958-ஆம் ஆண்டில் ஒரு விடை கூறப்பட்டது. கூறியவர் இருவர். ஒருவர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹெர்பர்ட் ரீல். மற்றவர், அந்நாளில் ஜோன் மால்கஸ் என்றும் பின்னாளில் ஜோன் சிம்ப்சன் என்றும் அறியப்பட்ட அமெரிக்கப் பெண்மணி. அடுப்பின் புகை வீடு முழுதும் பரவாமல் புகைபோக்கி ஒன்றின் வழியே கூரைக்கு மேல் செல்வதுபோல, கடலின் வெப்பம் குறுகிய மேகத்தூண்களின் வழியே, நடுவிலுள்ள வறண்ட காற்றோடு கலவாமல், நேரே உச்சிக்குச் செல்கிறது என்பது அவர்கள் கருத்து. அத்தகைய தூண்கள் எத்தனை தேவை என்றும் கணக்கிட்டனர். எந்த ஒரு நேரத்திலும் உலகின் பூமத்திய வளையம் முழுவதிலுமாக 1,500 முதல் 5,000 கோபுரங்கள் இருந்தால் போதும் என்பது அவர்கள் கண்ட விடை. அகன்ற வெப்பமண்டலத்தின் வெப்பச் சுமையைத் தாங்குவதற்கு அதன் பரப்பில் மிகச் சிறு பங்கை மட்டுமே அடைத்துக்கொள்ளும் சில ஆயிரம் மேகங்கள் போதும் என்ற இம்முடிவு, அந்நாளில் பலரை வியப்பில் ஆழ்த்தியது.

ஜோன் சிம்ப்சனைப் பற்றி மாணவர்கள், சிறப்பாக மாணவிகள், அறிந்துகொள்ளுதல் நலம். அவர் 1923-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வானிலை இயல் பயின்றார். பெண்ணொருத்தி இத்துறையில் டாக்டர் பட்டம் பெற்றதில்லை, பெறப்போவதும் இல்லை, பெற்றாலும் வேலை கிடைக்காது என்று அவருக்கு அறிவுரை கூறினர். மேகங்களைப் பற்றிய ஆராய்ச்சி அக்காலத்தில் அவ்வளவு முக்கியமானதாகக் கருதப்படவில்லை. ஆதலால் அது ஒரு பெண்ணுக்கு ஏற்ற பொருள் என்று கருதியவர்களும் இருந்தனர். அவர் அப்பொருளையே எடுத்துக்கொண்டு 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வானிலை இயலில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. பின்னர் விமானத்தில் ஏறி மேகங்களுக்குள்ளேயே சென்று அவற்றை அளந்தார்.

ஆனால், விமானத்தால் எத்தனை மேகங்களுக்குள் நுழைய இயலும்? உலகின் வெப்பமண்டலத்தில் பெரும்பகுதி கடல். தரையில் நிறுவிய ராடார் சில நூறு கிலோமீட்டர் தொலைவுவரையே காணும். நடுக்கடலில் எழுந்து, ஒரு மணி நேரத்திற்குள் கரைந்துபோகும் கோபுரத்தை யார் காண்பது? காகிதத்தில் போட்ட கணக்கை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமானால், வானத்திற்கும் மேலே ஏறிப் பார்க்கவேண்டும்.

அந்த வாய்ப்பு விரைவிலேயே தோன்றியது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்னும் கோள், மேகங்களின் படங்களை வானத்திலிருந்து அனுப்பிற்று. அது 78 நாள்களே உழைத்தது. ஆயினும், கடலின்மேல் மேகங்கள் சுருள் சுருளாக அமைந்து நிற்பதை மக்கள் அதன் வாயிலாகக் கண்கூடாகக் கண்டனர். அதன்பின் வந்த கோள்கள் இரவிலும் பார்க்கக் கற்றுக்கொண்டன. எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகத்தின் உச்சி வீசும் அக்கதிர்களை அளந்தால் அதன் குளிர் எவ்வளவு என்பது தெரியும். உயரே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம், காற்று குளிர்கிறது. ஆகவே குளிரை அறிந்தால் உயரத்தை அறியலாம். கடற்பரப்பில் 30 டிகிரி சென்டிகிரேடு இருக்கையில் மேகத்தின் உச்சி சுழியத்திற்குக் கீழ் 80 டிகிரி இருக்குமானால், அது 17 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று கொள்ளலாம். 2018 டிசம்பர் 29-ஆம் நாள், மேற்குப் பசிபிக் கடலில் நௌரு தீவுக்குத் தெற்கே எழுந்த ஒரு மேகத்தின் உச்சியில், சுழியத்திற்குக் கீழ் 111 டிகிரி அளவிடப்பட்டது. அம்மேகம் 20 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது.

நம் நாட்டு இன்சாட் வரிசைக் கோள்களும் இம்முறையில் பணியாற்றுகின்றன. 2013-இல் இன்சாட்-3டி, 2016-இல் இன்சாட்-3டிஆர், 2024-இல் இன்சாட்-3டிஎஸ் ஆகியவை ஏவப்பட்டன. அவை பூமத்திய ரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால், நமக்கு மேல் அசையாது நிற்பவைபோல இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை முழுப் படம் எடுக்கக் கூடியவை அவை. செய்தித்தாள்களில் புயற்காலத்தில் நீங்கள் காணும் படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இத்தகைய படங்களுக்கு ஒரு குறை உண்டு. திருவிழாவுக்கு இட்ட பெரும்பந்தலை ஒருவன் கோபுரத்தின் மேலிருந்து பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கண்ணுக்குப் பந்தலின் கூரை தெரியும். அதைத் தாங்கும் கால்கள் தெரியமாட்டா. கார்திரள் மேகமும் அவ்வாறே, வளிமண்டலத்தின் மேற்கூரையைத் தொட்டவுடன், மேலும் ஏற இயலாமல், பக்கங்களில் பரவி ஒரு பந்தல் அமைத்துக்கொள்கிறது. கொல்லனின் பட்டடைக் கல்லைப்போலத் தட்டையாக விரிந்த அப்பந்தல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். புயலில் பல மேகங்களின் பந்தல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே வெண்மையாகக் காட்சி தரும். அதற்கடியில் உயிரோடு ஏறிக்கொண்டிருக்கும் தூண் எது, ஓய்ந்துபோன மேகத்தின் எச்சம் எது என்று அகச்சிவப்புப் படத்தைக் கொண்டு மட்டும் துணிந்து கூற இயலாது.

பந்தலை ஊடுருவிப் பார்க்க வேறு வகையான கதிர் வேண்டும். நுண்ணலைகள் என்னும் குறுகிய வானொலி அலைகள் இதற்கு உதவுகின்றன. அவை மெல்லிய உயர்மேகங்களை எளிதில் கடந்துவிடும். மழைத்துளிகளையும் பெரிய பனிக்கட்டிகளையும் சந்திக்கும்போதுதான் தடைப்படும். இவ்வலைகளைக் கொண்டு மழையை அளப்பதற்கென்றே அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஒரு கோளை அமைத்தன. வெப்பமண்டல மழை அளவைத் திட்டம் என்பது அதன் பெயரின் பொருள். ஆங்கில எழுத்துகளால் டி.ஆர்.எம்.எம். என்று சுருக்கி வழங்குவர். அதன் விஞ்ஞானத் தலைமையை 1986 முதல் ஏற்று, கருவிகள் உருப்பெறும்வரை உழைத்தவர் அந்த ஜோன் சிம்ப்சனே. 1958-இல் கோபுரங்களைக் கணக்கில் கண்டவர், அவற்றை வானிலிருந்து காணும் கண்ணையும் அமைக்க உதவினார்.

1997 நவம்பர் மாத இறுதியில் ஜப்பானின் தானேகாஷிமா தீவிலிருந்து டி.ஆர்.எம்.எம். ஏவப்பட்டது. பூமிக்கு மேல் 350 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 35 பாகை வரையுள்ள பகுதிகளை அது சுற்றிச் சுற்றி வந்தது. மழையை அளக்கும் ராடார் ஒன்றை வானவெளிக்குக் கொண்டு சென்ற முதற்கோள் அதுவே. அந்த ராடார் மேலிருந்து கீழே அலையை வீசி, திரும்பி வரும் எதிரொலியின் நேரத்தையும் வலிமையையும் அளந்தது. எதிரொலி விரைந்து திரும்பினால் துளிகள் உயரத்தில் உள்ளன; தாமதித்துத் திரும்பினால் தாழ்வில் உள்ளன. இவ்வாறு மேகத்தை 250 மீட்டர் கனமுள்ள அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு மழை இருக்கிறது என்று கூறிற்று. மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படத்தில் விலா எலும்புகளைக் காண்பதுபோல, விஞ்ஞானிகள் புயலின் பந்தலுக்கு உள்ளே நிற்கும் கோபுரங்களை நிலை நிலையாகக் கண்டனர்.

1998 ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் கடலில் போனி என்னும் புயல் வலுத்துக்கொண்டிருந்தபோது டி.ஆர்.எம்.எம். அதன்மேல் கடந்து சென்றது. புயலின் நடுவே, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் உயரத்திற்கு ஒரு கோபுரம் எழுந்து நிற்பது புலப்பட்டது. இது தற்செயலா, அன்றி ஏதேனும் அடையாளமா என்ற வினா எழுந்தது. ஒரு புயலைக் கொண்டு விடை கூறுதல் தகாது. ஆகவே பல ஆண்டுகளில் உலகின் பல கடல்களில் தோன்றிய புயல்களின் ராடார் அளவைகளை அமெரிக்க வானவெளி நிறுவனத்தைச் சேர்ந்த ஓவன் கெல்லி முதலியோர் ஒப்பிட்டு, 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். புயலின் கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவரில் பதினான்கரை கிலோமீட்டருக்கு மேல் மழை எட்டிய கோபுரம் ஒன்று காணப்பட்டால், அப்புயல் அடுத்த 6 மணி நேரத்திற்குள் வலுப்பெறும் வாய்ப்பு, கோபுரம் இல்லாத புயலுக்கு உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று அவர்கள் கண்டனர்.

6 மணி நேரம் என்பது நகரத்தில் இருப்போர்க்குச் சிறு பொழுதாகத் தோன்றலாம். கடலில் இருப்போர்க்கு அப்படியன்று. 2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்கு அருகே ஒரு தாழ்வு மண்டலம் உருவாயிற்று. அது இலங்கையைக் கடந்து குமரிக் கடலுக்கு வந்து, 30-ஆம் நாள் முற்பகலிலேயே ஒக்கிப் புயலாக மாறிவிட்டது. தாழ்வு மண்டலம் புயலாவதற்குப் பிடித்த காலம் ஒரே ஒரு நாள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் முன்னரே தொலைகடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரை திரும்ப இயலவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயல் எத்திசையில் செல்லும் என்பதை முன்னறிந்து கூறுவதில் உலகம் பெரிதும் முன்னேறியிருக்கிறது. அது எவ்வளவு விரைவில் வலுக்கும் என்பதைக் கூறுவதுதான் இன்றும் கடினமாக உள்ளது. கோபுரங்களைப் பற்றிய ஆராய்ச்சி இந்தக் கடினமான கேள்வியைப் பற்றியது. ஒரு படகு கரை சேரும் நேரமும், ஓர் ஊர் மேட்டுநிலத்துக்குப் பெயரும் நேரமும் இக்கேள்வியின் விடையில் அடங்கியிருக்கின்றன.

கோபுரம் எழுந்துவிட்டால் புயல் வலுத்தே தீரும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வாய்ப்பு கூடுகிறது என்பதே பொருள். கோபுரம்தான் புயலை வலுக்கச் செய்கிறதா, அன்றி வலுக்கப்போகும் புயலின் அறிகுறியாக அது தோன்றுகிறதா என்பதும் தனியே ஆராயவேண்டிய கேள்வி. காய்ச்சல் உடம்பின் சூட்டால் தெரிகிறது. ஆனால் சூடே நோயாகிவிடாது. விஞ்ஞானத்தில் இவ்விரண்டையும் பிரித்தறியும் பழக்கம் மிகவும் வேண்டும்.

1958-இல் கூறிய கருத்தும் திருத்தம் பெறாமல் இருக்கவில்லை. கோபுரத்தின் உள்ளே ஏறும் காற்று அயற்காற்றோடு சிறிதும் கலவாது என்று முதலில் கருதினர். பின்னர் விமானங்கள் மேகங்களுக்குள் எடுத்த அளவைகளோ, காற்று வழியில் நன்றாகவே கலக்கிறது என்று காட்டின. அப்படியானால் அது உச்சியை எவ்வாறு எட்டுகிறது? கலப்பால் இழந்ததை, துளிகள் பனிக்கட்டியாக உறையும்போது வெளிப்படும் வெப்பம் ஈடுசெய்கிறது என்று எட்வர்ட் சிப்சர் என்னும் விஞ்ஞானி விளக்கினார். முன்னே நாம் குறிப்பிட்ட அந்த 80 கலோரித் தவணையே இங்கே கைகொடுக்கிறது. கோபுரங்கள் உண்டு, அவை வெப்பத்தை மேலே கொண்டு செல்கின்றன என்னும் அடிப்படை நிலைபெற்றது. அவை ஏறும் முறை பற்றிய விளக்கம் மாறிற்று. சிம்ப்சனும் இத்தகைய அளவைகளை விரும்பித் தேடியவரே.

மற்றொரு வியப்பும் டி.ஆர்.எம்.எம். அளவைகளிலிருந்து கிடைத்தது. மழை மிகுதியாகப் பெய்யும் இடத்திலேதான் இடிமேகங்கள் மிகக் கடுமையாக இருக்கும் என்று யாரும் எண்ணுவர். சிப்சரும் அவர் தோழர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறிற்று. மிகக் கடுமையான இடிமேகங்கள் தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், இமயத்தின் அடிவாரப் பகுதிகளில் எனப் பெரும்பாலும் நிலத்தின்மேல் தோன்றுகின்றன. கடலின்மேல் நிற்கும் கோபுரங்களில் காற்று பெரும்பாலும் மென்மையாகவே ஏறுகிறது; மின்னலும் குறைவு; ஆயினும் மழையை வாரி வழங்குகின்றன. ஆகவே மேகத்தின் உயரம் ஒன்று, அதன் சீற்றம் ஒன்று, அது தரும் மழை ஒன்று. மூன்றையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

டி.ஆர்.எம்.எம். கோளுக்கும் பெரியதொரு குறை இருந்தது. அது பூமியை ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை சுற்றினாலும், அதன் ராடார் பார்த்த பட்டையின் அகலம் 215 கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே ஒரே இடத்தை அது மீண்டும் காண நெடுநேரம் ஆகும். கோபுரத்தின் வாழ்நாளோ ஒரு மணி நேரம் இருந்தால் மிகுதி. ஓடுகின்ற ரயிலின் சாளரத்திலிருந்து ஒரு வீட்டினுள்ளே பார்ப்பவன் ஒரு கணத்தில் என்ன காண்பானோ, அதையே அக்கோள் ஒவ்வொரு புயலிலும் கண்டது.

இக்குறையைப் போக்க எழுந்த முயற்சிகளில் ஒன்று நம் அருகிலேயே தொடங்கிற்று. 2011 அக்டோபர் 12-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அமைத்த மேகா-டிராபிக்ஸ் என்னும் கோள் ஏவப்பட்டது. பெயரின் முற்பகுதி மேகத்தைக் குறிக்கும் வடசொல். பிற்பகுதி வெப்பமண்டலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அதன் பாதை பூமத்திய ரேகைக்கு 20 பாகை மட்டுமே சாய்ந்திருந்தது. துருவங்களை எட்டிப் பார்க்காமல் வெப்பமண்டலத்தையே சுற்றி வந்ததால், ஒரே இடத்தை ஒரு நாளில் பலமுறை அதனால் காண முடிந்தது. அதிலிருந்த மழையளக்கும் கருவி ஒன்றின் பெயர் மதராஸ். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது. அக்கருவி 2013 தொடக்கத்தில் செயலிழந்தது. ஆயினும், காற்றிலுள்ள ஈரத்தை அளக்கும் சாஃபிர் என்னும் மற்றொரு கருவி பல ஆண்டுகள் தொடர்ந்து உழைத்தது.

டி.ஆர்.எம்.எம். கோளின் முடிவு சிந்தனைக்கு உரியது. மூன்றாண்டு உழைப்பதற்கென அனுப்பிய அக்கோள் 17 ஆண்டுகள் உழைத்தது. இடையில் 2001-இல் அதனை 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி எரிபொருளை மிச்சப்படுத்தினர். பின்னர் ஒரு கடினமான கேள்வி எழுந்தது. எஞ்சிய எரிபொருளை வைத்துக்கொண்டு, கோளை மக்கள் இல்லாத கடற்பகுதியில் பாதுகாப்பாக இறக்குவதா? அன்றி அதையும் ஆய்விலேயே செலவிட்டு, கோள் தானே விழும்வரை புயல்களைப் பார்ப்பதா? கோளின் துண்டுகளால் ஒருவருக்கு ஊறு நேரும் வாய்ப்பு மிகச் சிறிது. புயல்களை அறிவதால் காக்கப்படும் உயிர்களோ பல என்று வாதிட்டனர் விஞ்ஞானிகள். 2005-இல் அவ்வாதம் வென்றது. எரிபொருள் தீரும்வரை உழைத்த அக்கோள், 2015 ஜூன் மாதத்தில் தென் இந்தியப் பெருங்கடலின்மேல் வளிமண்டலத்தில் புகுந்து எரிந்தது. மேகா-டிராபிக்ஸ் கோளின் கதை வேறு. அதில் ஏறத்தாழ 120 கிலோகிராம் எரிபொருள் மிஞ்சியிருந்தது. அதனைக் கொண்டு 2023 மார்ச் 7-ஆம் நாள், இந்திய விஞ்ஞானிகள் அதைப் பசிபிக் கடலின்மேல் கட்டுப்பாட்டோடு இறக்கினர். இரு முடிவுகளும் வெவ்வேறு. இரண்டிலும் மக்களின் பாதுகாப்பே முன்னே வைத்து எண்ணப்பட்டது.

இன்று அப்பணி வேறு கோள்களின் கையில் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவும் ஜப்பானும் ஏவிய உலக மழை அளவைக் கோள், ஒன்றுக்கு இரண்டு அலைவரிசைகளில் மழையைப் பார்க்கும் ராடாரைத் தாங்கி, வடக்கிலும் தெற்கிலும் 65 பாகை வரை சென்று வருகிறது. அதன் அளவைகளை அடிப்படையாகக் கொண்டு பல நாடுகளின் நுண்ணலைக் கோள்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டு வருகின்றனர். 2024 மே மாதத்தில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து எர்த்கேர் என்னும் கோளை ஏவின. அதிலுள்ள ராடார், மேகத்தின் துகள்கள் எங்கே இருக்கின்றன என்பதோடு, அவை ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதையும் அளக்கிறது. கோபுரத்தின் வடிவத்தை மட்டும் கண்ட கண், இனி அதன் மூச்சையும் காணத் தொடங்கியிருக்கிறது எனலாம்.

மேகம் கடலில் நீர் முகந்து, சூல் கொண்டு, உயர்ந்து, பொழிகிறது என்று நம் பழம்புலவர்கள் பாடினர். அச்சூலின் உள்ளே நீரோடு வெப்பமும் இருக்கிறது என்பதை அறிய நெடுங்காலம் ஆயிற்று. அவ்வெப்பம் ஏறும் வழியைக் காண, ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் உழைக்க வேண்டியிருந்தது. ஜோன் சிம்ப்சன் 2010-இல் மறைந்தார். அவர் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. புயல் எப்போது திடீரென வலுக்கும் என்பதை உறுதியாகக் கூறும் நாள் இன்னும் வரவில்லை. நான் இதுவரை கூறிய மழைக்கோள்களின் அளவைகள் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. யாரும் கணிப்பொறி வாயிலாக விலையின்றிப் பெற்று ஆராயலாம். அதற்கு வேண்டுவன கணிதமும் இயற்பியலும், பொறுமையும் ஆகும். அடுத்த முறை மாலை வானில் பட்டடைக் கல்லைப்போலத் தலை விரித்த மேகம் ஒன்றைக் கண்டால், அதன் உயரத்தையும் குளிரையும் மனத்தில் கணக்கிட்டுப் பாருங்கள். கடலுக்குச் செல்வோர் ஒருவரின் வீட்டுக்கு இன்னும் சில மணி நேர முன்னறிவிப்பைத் தரப்போகும் கணக்கு, உங்களில் ஒருவர் போடும் கணக்காகவும் இருக்கலாம்.